கொஞ்சம் நடுங்கிக் காட்டு

ஜன்னலச் சாத்தாதீங்க தம்பி, தொறந்தே இருக்கட்டும். காத்து வந்தாத்தான் இந்த வண்டியில உக்கார முடியும். முந்தியெல்லாம் வத்தலக்குண்டு தாண்டி மலையேற ஆரம்பிச்சதுமே "ஏம்ப்பா, ஜன்னலச் சாத்துங்கப்பா"ன்னு பின்னாடியிருந்து ஒரு கொரல் வந்துரும். இப்பப் பாருங்க, அம்புட்டும் தொறந்து கெடக்கு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. தை மாசம் தம்பி இது. தை மாசத்துல நான் சட்டைப் பட்டனக் கழட்டி விட்டுட்டு மலையேறிட்டிருக்கேன்.

கொடைக்கானல்தானே போறீங்க? சுத்திப் பாக்கவா? பாருங்க, பாருங்க. ஏரி இருக்கு, மரமெல்லாம் இருக்கு. குளிருக்குன்னு வந்திருந்தீங்கன்னா மட்டும் நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

எனக்கு அங்கதான் வீடு. ஞானப்பிரகாசம்னு பேரு. ஏரிக்குப் போற ரோட்டுல ஸ்வெட்டர் கடை வச்சிருக்கேன். ஸ்வெட்டர், மப்ளர், கையுறை, குரங்குக் குல்லா, எல்லாம் இருக்கு. தகரம் போட்ட கடைதான். ஆனா கலியாணம் ஆன வருசத்துலருந்து அதுலதான் எங்களுக்குச் சோறு. சிரிக்காதீங்க தம்பி. இந்த வருசம் ஸ்வெட்டர் கடைக்காரன்னு சொன்னாலே எல்லாருக்கும் சிரிப்புத்தான் வருது.

இப்ப எங்க போயிட்டு வர்றேன்னா, எம் பொண்டாட்டியக் கூட்டிட்டு வரப் போனேன். வத்தலக்குண்டுல அவ அண்ணன் வீட்டுல இருக்கா. கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட போனவ. பொங்கலும் போயிருச்சு, வரக் காணோம். சரி, நேர்ல போனா வந்துருவான்னு காலையில போனேன். பாத்தீங்கள்ல, தனியாத்தான் திரும்புறேன்.

சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. அத மொதல்லயே சொல்லிர்றேன். நான் கை நீட்டுனதில்ல, குடிக்கிறதில்ல, ஒரு கெட்ட வார்த்த பேசுனதில்ல. ஞாயித்துக்கிழமை பூசைக்கு ரெண்டு பேரும் சேந்துதான் போவோம். எங்க தெருவுல யாரை வேணா கேட்டுப் பாருங்க. எல்லாம் இந்தப் பாழாப்போன குளிரு வராததால வந்த வினை.

ஒங்களுக்குத் தெரியாது. நீங்க கீழ இருக்கிறவரு. மார்கழி வந்தா எங்க ஊர்ல காலையில ஏரிக்கரைப் புல்லெல்லாம் உப்புக் கொட்டுன மாதிரி வெள்ளையாக் கெடக்கும். தேங்காயெண்ண பாட்டிலுக்குள்ளயே கட்டியாயிரும், அடுப்போரம் வச்சு உருக்கித்தான் தலையில தடவணும். தோசைக்கு மாவாட்டுனா புளிக்காது. குண்டானச் சாக்குல சுத்தி அடுப்புக்குப் பக்கத்துல வச்சுப் படுக்கணும், பச்சப்புள்ளயப் படுக்க வைக்கிற மாதிரி. இந்த வருசம் எண்ண எண்ணையாவே இருக்கு. மாவு விடியுறதுக்குள்ள பொங்கி வழிஞ்சு தரையெல்லாம் ஓடுது. கொசு தம்பி, கொசு! எங்க ஊர்ல கொசுன்னா பள்ளிக்கூடப் புஸ்தகத்துல படம் பாத்ததுதான். இப்ப வலை கட்டிப் படுக்குறோம். எங்க தெருவுல அஞ்சாறு வீட்டுக்காரங்க சீலிங் பேன் வாங்கிட்டு வந்துட்டாய்ங்க. வாங்கிட்டு வந்து எங்க மாட்டுறது? பழைய வீட்டு மோட்டுல பேன் மாட்டக் கொக்கியே கெடையாது. எவன் நெனச்சான்?

மழையும் இல்ல. ஐப்பசியில ரெண்டு தூத்தல் போட்டுச்சு, கார்த்திகையில அதுவும் இல்ல. வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஊத்து, எந்தக் காலத்துலயும் வத்துனதில்ல. அது சேறாப் போச்சு. இப்ப லாரித் தண்ணிதான். அதுவும் எப்ப வரும்னு அந்த டிரைவருக்கும் தெரியாது, ஆண்டவருக்கும் தெரியாது.

இந்த லட்சணத்துல ஸ்வெட்டர எவன் வாங்குவான்? டூரிஸ்ட்டு வர்றாங்க, வராம இல்ல. எறங்குறதும் ஐஸ்கிரீம்தான் கேக்குறாங்க. எங்கடைக்கு எதுத்தாப்புல ஒருத்தன் கீழருந்து வண்டியேத்திக் கொண்டாந்து இளநி வெட்டுறான். மலை மேல இளநி! எங்கடையப் பாத்து ஒரு பொண்ணு, "ஐயோ, இதப் பாத்தாலே வேர்க்குது"ங்குது. நான் என்னத்தச் சொல்ல?

ஈ ஓட்டிட்டு எம்புட்டு நேரந்தான் உக்காந்திருக்கிறது? காலையில கொஞ்ச நேரம் தொறந்து பாப்பேன். ஒண்ணும் இல்லன்னா பூட்டிட்டு வீட்டுக்கு வந்துருவேன். இத்தனை வருசத்துல பகல்ல நான் வீட்டுல இருந்ததே இல்ல தம்பி. காலையில தூக்குச்சட்டியோட கெளம்புனா, விளக்கு வச்ச பெறகுதான் வருவேன். எங்க வீட்டுக்குள்ள மத்தியானம் வெயில் எந்தப் பக்கமா விழுகும்னு இந்த வருசந்தான் பாத்தேன்.

மொத நாள் நான் வந்தப்ப சலேத்து, அவ பேரு சலேத்து, ரேடியோவச் சத்தமா வச்சுக்கிட்டு, கால நீட்டி உக்காந்து மொச்சை உரிச்சிட்டிருந்தா. பக்கத்து வீட்டு ரெண்டு பொம்பளைங்க சுவத்துல சாஞ்சுக்கிட்டுப் பேசிட்டிருந்தாங்க. என்னைப் பாத்ததும் அவுங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க. "நான் வந்தா என்ன, இருங்க"ன்னுதான் சொன்னேன். அதுக்கப்பறம் அவுங்க வரவே இல்ல. நல்லதாப் போச்சு, வெட்டிப் பேச்சுத்தானே.

சும்மா உக்காந்தா எனக்கு ஒடம்பு தாங்காது. அதனால வீட்டு வேலையில அவளுக்கு ஒத்தாசை பண்ண ஆரம்பிச்சேன். எந்த ஆம்பள பண்ணுவான் சொல்லுங்க? அடுப்படி அலமாரியப் பாத்தா எதெது எங்கெங்க இருக்குன்னு ஒரு மொறையே இல்ல. அம்புட்டையும் எறக்கி, எங்கடையில சைஸ் வாரியா அடுக்குற மாதிரி, பெரிய டப்பா கீழ, சின்ன டப்பா மேலன்னு அடுக்கி வச்சேன். அவ வந்து பாத்துட்டு, உப்பு எங்கன்னு தேடிக்கிட்டே நின்னா. "பழகிக்க"ன்னேன். பீன்ஸக் குறுக்க வெட்டாத, நெடுக்க வெட்டுனா சீக்கிரம் வேகும்னேன். கேஸ எதுக்கு இம்புட்டுப் பெருசா வைக்கிறன்னேன். மாவு பொங்குதுன்னு தெரியுதுல்ல, கொறைச்சு ஆட்டுன்னேன். எல்லாம் நல்லதுக்குத்தான் சொன்னது. நல்ல கொணம் தம்பி அவளுக்கு. எதுத்து ஒரு வார்த்த வராது.

தண்ணி விசயத்துல மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பா இருந்தேன். இருக்கணும்ல? அவ குளிக்கப் போனா நான் வெளியில உக்காந்திருப்பேன். எத்தனை சொம்பு ஊத்துறான்னு சத்தத்த வச்சே சொல்லிருவேன். "போதும் சலேத்து"ன்னு ஒரு கொரல் குடுத்தா நிறுத்திருவா. ஒரு நாள் குளிச்சிட்டு வந்தவ என்னைப் பாத்து, "கடைக்குப் போகலையா?"ன்னா. "போயி என்ன பண்ண?"ன்னேன். மறுநாளும் அதே கேள்வி. அப்பறம் தெனமும் அதையே கேட்டா. காலையில எந்திரிச்சு வாசல்ல நின்னு வானத்தப் பாப்பா. "ஏங்க, இன்னைக்குக் கொஞ்சம் பனி இருக்குற மாதிரி இல்ல?"ம்பா. வியாபாரம் நடக்கலையேன்னு எம்புட்டுக் கவலை பாருங்க. அந்த மாதிரிப் பொம்பள கெடைக்கிறது கஷ்டம்.

அவ அப்படிக் கேட்டுக்கிட்டே இருந்ததுலதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு.

டூரிஸ்ட்டுக்குக் குளிருதா இல்லையான்னு அவனுக்கே தெரியாது தம்பி. பக்கத்துல இருக்கிறவனப் பாத்துத்தான் முடிவு பண்ணுவான். ஒருத்தன் குல்லா போட்டா இன்னொருத்தன் போடுவான். நான் எத்தனை வருசமாப் பாக்குறேன்! எங்கடை வாசல்ல ஒரு ஆளு ஸ்வெட்டர் போட்டு, மப்ளர் கட்டி, கையத் தேச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, போறவன் நின்னு பாப்பான்ல? ஆஹா, ஊர்க்காரங்களே இப்படி இருக்காங்க, சாயங்காலம் நல்லாக் குளிரும் போலன்னு நெனப்பான்ல? நானே உக்காரலாம்னா, அளவு பாத்து எடுத்துக் குடுக்க யாரு இருக்கா? அதுவும் போக, ஆம்பள நடுங்குனா குடிகாரன்னு நெனச்சுருவாய்ங்க. பொம்பள நடுங்குனாத்தான் நம்புவாங்க.

சலேத்துக்கிட்டச் சொன்னேன். மொதல்ல மாட்டேன்னா. "வேர்க்குமேங்க"ன்னா. "கடைக்குப் போ, கடைக்குப் போன்னு நீதான சொன்ன, ஒனக்காகத்தான் இந்த யோசனையே"ன்னேன். அதுக்கப்பறம் சரின்னு வந்தா.

மெரூன் கலர் ஸ்வெட்டர், கழுத்து வரைக்கும் பட்டன் வச்சது. தலைக்குக் குல்லா. மேல மப்ளர். வாசல்ல முக்காலி போட்டு உக்கார வச்சேன். நெழல்ல உக்காந்தா ரோட்டுலருந்து தெரியாது, அதனால கொஞ்சம் வெயில் பக்கமா இழுத்துப் போட்டேன். கையத் தேச்சுக்க, தோளச் சுருக்கி உக்காரு, ஆளு வந்தா கொஞ்சம் நடுங்கிக் காட்டுன்னு சொல்லிக் குடுத்தேன். வேர்வை ஊத்துச்சு, இல்லன்னு சொல்லல. நானே துண்டு குடுத்தேன், துடைச்சிட்டு நடுங்குன்னேன்.

மொத நாளே ஒரு குடும்பம் வந்து சின்னக் கொழந்தைக்குக் குல்லா வாங்கிட்டுப் போச்சு. பலிச்சிருச்சு தம்பி! எனக்கு அப்படி ஒரு சந்தோசம். "பாத்தியா, பாத்தியா"ன்னேன் அவகிட்ட. அவளுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. சாயங்காலம் வீட்டுக்குப் போயி, ஒரு வாளித் தண்ணி ஊத்திக்கிறட்டுமான்னு கேட்டா. லாரி வரலையே? அர வாளி ஊத்திக்கன்னேன்.

தெரிஞ்சவங்க போறப்ப வர்றப்பதான் அவளுக்குச் சங்கடம். பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேரும் ஒரு நாள் அந்தப் பக்கமா வந்தாங்க. இவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. காலேஜ் பசங்க நாலு பேரு போட்டோ எடுத்தாங்க. "விளம்பரந்தான, எடுக்கட்டும்"ன்னேன் நான். கிறிஸ்துமஸ் அன்னைக்குக்கூடக் கோயிலுக்கு அந்த மெரூன் ஸ்வெட்டரத்தான் போடச் சொன்னேன். வெளியூர்க் கூட்டம் வரும்ல? பூசை பாதியில எந்திரிச்சு வெளிய போயி நின்னுக்கிட்டா. சாமியாரே அப்பறம் வந்து, ஒடம்பு சரியில்லையான்னு கேட்டாரு.

அதுக்கு ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் அது நடந்துச்சு. ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம் போல, அந்தப் பேச்சு. வேன்லருந்து எறங்கி நேரா எங்கடைக்கு வந்தாங்க. நான் இவளுக்குச் சாடை காட்டுனேன். இவளும் நடுங்குனா. அன்னைக்கு ரொம்ப நல்லா நடுங்குனா தம்பி, பல்லெல்லாம் கிட்டுது. நானே அசந்து போயிட்டேன். அந்தக் கூட்டத்துல ஒரு அம்மா ஸ்வெட்டரப் பாக்காம இவளையே பாத்துக்கிட்டு நிக்கிது. கிட்ட வந்து நெத்தியில கைய வச்சுது.

"ஏனுங்க, இந்தம்மாவுக்குக் காய்ச்சலுங்களா? இப்புடி வேர்த்து ஊத்துதுங்களே, இதெப் போட்டு வெயில்ல உக்கார வெச்சிருக்கீங்க?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, அவளுக்குக் குளிர் ஒடம்பு"ன்னேன்.

காய்ச்சல்னு காதுல விழுந்ததும் கூட வந்தவங்க கொழந்தையத் தூக்கிட்டுத் தள்ளிப் போயிட்டாங்க. அந்த அம்மா மட்டும் போகல. குனிஞ்சு, ஒவ்வொரு பட்டனா அதுவே கழட்டுச்சு. குல்லாவ எடுத்துச்சு. தலையெல்லாம் நனைஞ்சு ஒட்டிக் கெடக்கு. பையிலருந்து தண்ணி பாட்டில எடுத்துக் குடுத்துச்சு. சலேத்து மூச்சு விடாம அத்தனையும் குடிச்சா. "போதும் சலேத்து, அவுங்க தண்ணி"ன்னேன். பழக்கத்துல வந்துருச்சு. அந்த அம்மா என்னைத் திரும்பிப் பாத்துச்சு பாருங்க, நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?

அவுங்க போன பெறகு இவ எந்திரிச்சா. ஸ்வெட்டர மடிச்சு, அடுக்குல அதே எடத்துல வச்சா. குல்லாவ ஆணியில மாட்டுனா. அப்பறம் எங்கிட்ட, "எனக்கு இந்தக் குளிரு ஒத்துக்கல. நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன்"னா.

நான் சிரிச்சிட்டேன் தம்பி. குளிரா? எங்க இருக்கு குளிரு? "நடிச்சு நடிச்சு ஒனக்கே நெசமாப் போச்சா?"ன்னு கேட்டேன். வீட்டுக்குப் போயி ஒரு வயர்க்கூடையில ரெண்டு சேலைய வச்சுக்கிட்டு அடுத்த வண்டிக்குப் போயிட்டா. சரி, வேர்க்குருக்குத்தான் போறா, நாலு நாள்ல வந்துருவான்னு விட்டுட்டேன்.

வரல. போன் பண்ணா அவ அண்ணி எடுத்து, தூங்குறாம்பா, கடைத்தெருவுக்குப் போயிருக்காம்பா. கோயம்புத்தூர்ல எம் மக இருக்கா, கட்டிக் குடுத்து ஆச்சு. அவளக் கூப்பிட்டு, நீயாவது அம்மாகிட்டச் சொல்லுன்னேன். "அப்பா, கொஞ்ச நாளைக்கு அம்மாவ விட்டுருங்கப்பா"ங்குறா. விடுறதுன்னா என்னம்மா, நான் புடிச்சா வச்சிருக்கேன்? போன வச்சிட்டா.

வீட்டுல இருக்க முடியல தம்பி. உள்ளதச் சொல்றேன். அலமாரியில எல்லாம் அடுக்குன படிக்கு இருக்கு, ஒண்ணு நகரல. ரேடியோவப் போட்டுப் பாத்தேன், புடிக்கல. வாளி நெறையத் தண்ணி இருக்கு, ஊத்திக்க ஆளில்ல. சோறு வடிக்கிறேன், எதுக்குத் திங்கிறோம்னு இருக்கு. ஒரு வாரமா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம். வரமாட்டாளோன்னு. ச்சே, எங்கயாவது உண்டுமா? இந்த வயசுல?

அதான் காலையில போனேன். வாசல்ல செருப்பக் கழட்டுறேன், உள்ள சிரிப்புச் சத்தம் கேக்குது. அவதான். அவ சிரிப்பா அதுன்னு ஒரு நிமிசம் சந்தேகமாப் போச்சு. நான் உள்ள போனதும் நின்னுருச்சு. பேனுக்கு அடியில உக்காந்து அண்ணிகூடப் பூக் கட்டிட்டிருக்கா. வேர்க்குரு எல்லாம் போயிருச்சு. மொகம் தெளிஞ்சு நல்லா இருக்கா. கீழ வெயிலு கொளுத்துது, அவ என்னமோ ஊட்டிக்குப் போன மாதிரி இருக்கா.

மீன்கொழம்பு வச்சிருந்தாங்க. எல போட்டுப் பரிமாறுனா. "ஏங்க, ஒடம்பு எப்பிடியிருக்கு?"ன்னு கேட்டா. நான் எடுத்துச் சொன்னேன். "மேல குளிரே இல்ல சலேத்து. மாதா மேல சத்தியம். எண்ணகூட ஒறையல. இனிமே நீ கடைக்கும் வரவேண்டாம், ஸ்வெட்டரும் போடவேண்டாம். நான் முழுநேரமும் வீட்டுலயே ஒங்கூடவே இருக்கேன். வா, போகலாம்."

இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன சொல்லணும்?

அவ கரண்டியக் கீழ வச்சிட்டுச் சொல்றா, "குளிரு வரட்டும்ங்க. நல்லாக் குளிரு வந்து, நீங்க காலையில கடைக்குப் போயி, விளக்கு வச்ச பெறகு வீட்டுக்கு வர்ற மாதிரி ஆகட்டும். அப்ப நானே ஏறி வந்துர்றேன்."

குளிருன்னு சொல்லி எறங்குனவ, குளிரு வந்தா வர்றேங்குறா! இதுல ஏதாவது பொருத்தம் இருக்கா தம்பி? அவ அண்ணன் கூரையப் பாக்குறாரு. அண்ணி வாயப் பொத்திக்கிட்டு உள்ள போயிட்டா. நான்தான் யோசிச்சுப் பாத்துட்டு மனசத் தேத்திக்கிட்டேன். வியாபாரம் நொடிச்சுப் போச்சே, புருசன் இப்படி வேலையில்லாம உக்காந்திருக்காரேங்குற வேதனை. அதக் கண்ணால பாக்க முடியாம இங்க வந்து கெடக்குறா. நல்ல மனசு. வேற என்ன இருக்க முடியும், சொல்லுங்க?

என்ன தம்பி, அப்படிப் பாக்குறீங்க? நீங்களும் அந்த ஈரோட்டம்மா மாதிரியே பாக்குறீங்களே.

சரி விடுங்க. பாதி மலை ஏறியாச்சு. இப்பக் காத்து கொஞ்சம் மாறுன மாதிரி இல்ல? எனக்குத் தெரியல, நான் இங்கயே கெடந்து ஒடம்பு மரத்துப் போனவன். நீங்க புதுசா வர்றவரு, ஒங்களுக்குத் தெரியும். குளிருதுல்ல? லேசா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கையில பாருங்க, ரோமம் கூசல? இல்லையா? கொஞ்சங்கூட இல்லையா?

பரவாயில்ல. ஒரு ஒத்தாசை மட்டும் பண்ணுங்க தம்பி, புண்ணியமாப் போகும். இந்த வளைவுல டவர் கெடைக்கும், நானே அவளுக்குப் போன் போட்டுத் தர்றேன். நான் சொன்னா அவ நம்பமாட்டா. வெளியூர் ஆளு நீங்க சொன்னா நம்புவா. மேல பயங்கரக் குளிரும்மா, ஸ்வெட்டர் கடையில கூட்டம் தாங்கல, ஒங்க வீட்டுக்காரருக்கு மூச்சு விட நேரமில்லன்னு சொல்லுங்க. அம்புட்டுத்தான். பொய்யில்ல தம்பி, வரத்தான போகுது, என்னைக்காவது வரத்தான போகுது.

ரிங்கு போகுது. ஆங், எடுத்துட்டா. சலேத்து, நான்தான். வண்டியில இருக்கேன். இல்ல இல்ல, வச்சிராத, நான் பேசல. இங்க ஒரு தம்பி ஒங்கிட்ட ஒரு விசயம் சொல்லணுங்கிறாரு. இந்தாங்க தம்பி, புடிங்க. கொஞ்சம் நடுங்குன மாதிரிப் பேசுங்க.